பழைய கிராபிக்ஸ் கார்டும் அதன் உஷ்ணமும்

டிசம்பர் மாதத்தில் தில்லி நேரு பிளேஸ் கடைவீதியில் ஒருவர் பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்குகிறார். கடைக்காரர் அதனை இயக்கிக் காட்டுகிறார். குறை ஒன்றும் தென்படவில்லை. பள்ளிக்கோ கள அலுவலகத்துக்கோ அது வந்து சேர்ந்து நான்கு மாதங்கள் நன்றாகவே உழைக்கிறது. மே மாதம் பிறந்ததும் திரையில் படம் தடுமாறுகிறது, வேலை மந்தமாகிறது, சில வேளைகளில் யந்திரமே அணைந்துவிடுகிறது. "கார்டு போய்விட்டது" என்று முடிவு செய்து அதனைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். பல சந்தர்ப்பங்களில் கார்டு பழுதடைந்திருப்பதில்லை. அதிலிருந்து உஷ்ணம் வெளியேறும் வழி மட்டுமே அடைபட்டிருக்கிறது.

ஆளில்லா விமானத்திலிருந்து எடுத்த படங்களை இணைத்து நிலப்படம் தயாரிக்கவும், முப்பரிமாண உருவங்களைக் கொண்டு பாடம் நடத்தவும் இக்காலத்தில் கிராபிக்ஸ் கார்டு பெரிதும் உதவுகிறது. புதிய கார்டின் விலை அதிகமாதலால் பலர் பழைய கார்டுகளையே நாடுகின்றனர். 2022 செப்டம்பர் 15 அன்று 'ஈத்தீரியம்' என்னும் மின்னணு நாணயத்தின் அமைப்பு மாற்றப்பட்டு, அந்நாணயத்தைக் கிராபிக்ஸ் கார்டுகளைக் கொண்டு ஈட்டும் முறை முடிவுற்றது. அதன்பின் அவ்வேலையில் இரவு பகலாக உழைத்த கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. அத்தகைய கார்டை வாங்கியவர்கள் அதன் உஷ்ணத்தைப் பற்றி அறிந்திருத்தல் மிகவும் அவசியம். உஷ்ணம் செல்லும் வழி எவ்விடத்தில் அடைபட்டிருக்கிறது என்பதை, கார்டைக் கழற்றாமலேயே, ஒரு கடிகாரத்தையும் ஒரு தெர்மாமீட்டரையும் கொண்டு கண்டறியலாம். அம்முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உஷ்ணம் பிறக்கும் இடம்

கார்டின் நடுவில் சிலிக்கனால் ஆன சில்லு ஒன்று உள்ளது. அதிலுள்ள கோடிக்கணக்கான டிரான்ஸிஸ்டர்கள் ஒவ்வொரு விநாடியும் எண்ணற்ற முறை திறந்து மூடுகின்றன. அவ்வேலைக்குச் செலவாகும் மின்சக்தி அனைத்தும் இறுதியில் உஷ்ணமாகவே மாறுகிறது. 2016-ஆம் ஆண்டில் வெளிவந்து நம் நாட்டிலும் பெருமளவில் புழங்கிய ஜி.டி.எக்ஸ். 1060 கார்டை உதாரணமாகக் கொள்வோம். அது முழு வேலையில் ஏறத்தாழ 120 வாட் மின்சக்தியை ஏற்கிறது. அதன் சில்லின் பரப்போ ஏறக்குறைய 2 சதுர சென்டிமீட்டர்தான்.

இதன் பொருளை உணரத் துணி தேய்க்கும் பெட்டியை நினைத்துப் பார்க்கலாம். 1000 வாட் பெட்டியின் அடித்தகடு 200 சதுர சென்டிமீட்டர் பரப்புடையது என்று கொண்டால், ஒரு சதுர சென்டிமீட்டரில் 5 வாட் உஷ்ணம் வெளிப்படுகிறது. கார்டின் மின்சக்தியில் 100 வாட் மட்டுமே சில்லைச் சேர்ந்தது என்று கொண்டாலும், அங்கே ஒரு சதுர சென்டிமீட்டரில் 50 வாட் பிறக்கிறது. அதாவது பத்து மடங்கு. இவ்வளவு உஷ்ணத்தையும் இடைவிடாமல் அகற்றினால்தான் சில்லு பிழைக்கும்.

உஷ்ணம் செல்லும் வழி

சில்லிலிருந்து அறைக்காற்றை அடையும்வரை உஷ்ணம் இரண்டு கட்டங்களைக் கடக்கிறது. முதற்கட்டம் சில்லிலிருந்து ஹீட் சிங்க் எனப்படும் உலோகத் தொகுதி வரை. இவ்விரண்டும் பார்வைக்கு வழவழப்பாக இருப்பினும் நுண்ணிய மேடு பள்ளங்கள் உடையவை. அப்பள்ளங்களில் காற்று தங்கினால் உஷ்ணம் கடப்பது அரிதாகும். செம்பு காற்றைவிட ஏறத்தாழ 15,000 மடங்கு நன்றாக உஷ்ணத்தைக் கடத்தவல்லது. ஆகவே காற்றை வெளியேற்றி அவ்விடத்தை நிரப்புவதற்காகத் தெர்மல் பேஸ்ட் என்னும் பசை மெல்லியதாகப் பூசப்படுகிறது. மெமரி சில்லுகளுக்கும் உலோகத்துக்கும் இடையே உள்ள இடைவெளி சற்று அதிகமாதலால் அங்கே தெர்மல் பேட் எனப்படும் மிருதுவான பட்டை வைக்கப்படுகிறது.

இரண்டாம் கட்டம் ஹீட் சிங்கிலிருந்து காற்று வரை. பல கார்டுகளில் செம்புக் குழாய்கள் உஷ்ணத்தை அலுமினியத் தகடுகளுக்குக் கொண்டு செல்கின்றன. குழாயினுள் குறைந்த அழுத்தத்தில் சிறிதளவு நீர் அடைக்கப்பட்டுள்ளது. சூடான முனையில் அந்நீர் ஆவியாகி, குளிர்ந்த முனையை அடைந்து மீண்டும் நீராகி, உட்சுவரிலுள்ள நுண்துளைகளின் வழியே திரும்பி வருகிறது. 1963-இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆராய்ச்சிசாலையில் ஜார்ஜ் குரோவர் செய்து காட்டிய சாதனம் இதுவே. தகடுகளை அடைந்த உஷ்ணத்தை விசிறிகள் காற்றில் கலந்துவிடுகின்றன.

பழைய கார்டில் நேரும் கேடு

முதற்கட்டத்தில் நேரும் கேடு பசையைப் பற்றியது. கார்டு சூடாகும்போதும் ஆறும்போதும் சில்லும் உலோகமும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குகின்றன. இவ்வசைவினால் பசை சிறிது சிறிதாக ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது; எஞ்சியதும் நாளடைவில் உலர்ந்துவிடுகிறது. மெமரி சில்லுகளின் மேலுள்ள பட்டைகளும் இறுகி எண்ணெய் கக்குகின்றன. நாணயம் ஈட்டும் வேலையில் மெமரி இடைவிடாது உழைக்குமாதலால், அவ்வழி வந்த கார்டுகளில் பட்டைகளின் நிலையைக் குறிப்பாகக் கவனிக்கவேண்டும்.

இரண்டாம் கட்டத்தில் நேரும் கேடு தூசியும் விசிறியும் பற்றியது. வட இந்தியாவில் கோடைப் புழுதிக்காற்று கொண்டுவரும் நுண்தூசியும் துணிகளின் நூலிழைகளும் தகடுகளின் இடையே கம்பளிபோல் படிகின்றன. மாதக்கணக்கில் ஓயாமல் சுழன்ற விசிறியின் பேரிங் தேய்ந்து வேகம் குறைகிறது. கேபினெட் சுவரை ஒட்டி வைக்கப்பட்டிருந்தால் வெளியேறிய சூடான காற்றே மீண்டும் உள்ளே இழுக்கப்படுகிறது.

எளிய கணக்கு

ஒரு வாட் உஷ்ணம் கடப்பதற்கு எத்தனை டிகிரி ஏற்றம் தேவைப்படுகிறதோ அதனை அவ்வழியின் தடை எனலாம். மின்சாரத்தைப் பற்றிய ஓமின் விதியைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இது புதிதன்று. மின்னோட்டத்துக்குப் பதிலாக வாட்டையும், மின்னழுத்தத்துக்குப் பதிலாக உஷ்ணநிலை வித்தியாசத்தையும் வைத்துக்கொண்டால் போதும். கணக்கு எளிதாக இருக்கும்பொருட்டு, 120 வாட்டும் சில்லிலிருந்தே வெளிப்படுவதாகவும், விசிறி ஒரே வேகத்தில் சுழல்வதாகவும் கொள்வோம்.

நல்ல நிலையிலுள்ள கார்டில் முதற்கட்டத்தின் தடை 0.10 என்றும், இரண்டாம் கட்டத்தின் தடை 0.25 என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 0.35. இதனை 120-ஆல் பெருக்கினால் 42 வருகிறது. அறை 25 டிகிரி செல்சியஸ் இருக்கும் நாளில் சில்லு 67 டிகிரியில் நிற்கும். அறை 40 டிகிரியாகும்போது சில்லு 82 டிகிரியை எட்டும். கார்டில் ஒரு மாறுதலும் நேரவில்லை. அறையில் ஏறிய 15 டிகிரி அப்படியே சில்லிலும் ஏறியது. இந்தியாவில் பதிவான மிக உயர்ந்த காற்று உஷ்ணநிலை, 2016 மே 19 அன்று ராஜஸ்தானத்திலுள்ள பலோடியில் காணப்பட்ட 51 டிகிரியாகும். அவ்வளவு சூடான அறையில் இந்த நல்ல கார்டுகூட 93 டிகிரியை அடைந்திருக்கும். இவ்வகைக் கார்டுக்கு உற்பத்தியாளர் விதித்துள்ள எல்லை 94 டிகிரி.

இப்பொழுது பழைய கார்டு இரண்டைப் பார்ப்போம். முதலாவதில் பசை உலர்ந்துவிட்டது. தடை முறையே 0.25, 0.25. இரண்டாவதில் பசை நன்றாக உள்ளது, ஆனால் தகடுகளில் தூசி அடைத்திருக்கிறது. தடை முறையே 0.10, 0.40. இரண்டிலும் மொத்தம் 0.50; ஏற்றம் 60 டிகிரி. 25 டிகிரி அறையில் இரண்டும் 85 டிகிரியையே காட்டும். 40 டிகிரி அறையில் இரண்டும் 100 டிகிரிக்குச் செல்ல முயலும். அதற்கு முன்பே கார்டு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், அல்லது அணைந்துவிடும். டிசம்பரில் நன்றாக இருந்த கார்டு மே மாதத்தில் தடுமாறுவதன் காரணம் இதுவே. இறுதி அளவை மட்டும் பார்த்தால் இவ்விரு கார்டுகளின் நோயும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் அவற்றுக்கு வேண்டிய சிகிச்சை வேறு வேறு.

ஏறும் விதத்தைக் கவனித்தல்

இவ்விரண்டையும் பிரித்தறிய, உஷ்ணம் எவ்வளவு ஏறுகிறது என்பதோடு எவ்விதம் ஏறுகிறது என்பதையும் நோக்கவேண்டும். சில்லு மிகச் சிறியது. சில விநாடிகளில் சூடாகிவிடும். ஹீட் சிங்க் பெரிய உலோகத் தொகுதியாதலால் சூடாவதற்குப் பல நிமிஷங்கள் பிடிக்கும். எனவே வேலை தொடங்கிய முதற் சில விநாடிகளில் காணும் திடீர் ஏற்றம் முதற்கட்டத்தின் தடையையும், அதன்பின் நிதானமாக ஏறும் பகுதி இரண்டாம் கட்டத்தின் தடையையும் தெரிவிக்கின்றன. மேற்கூறிய உதாரணத்தில், பசை உலர்ந்த கார்டு தொடக்கத்திலேயே 30 டிகிரி தாவிவிடும். தூசி அடைந்த கார்டு 12 டிகிரி மட்டும் தாவி, பிறகு 48 டிகிரி மெல்ல ஏறும்.

சோதனையைப் பின்வருமாறு நடத்தலாம். 'ஆஃப்டர்பர்னர்', 'ஜி.பி.யூ. இசட்' போன்ற இலவசப் புரோகிராம்கள் கார்டின் உஷ்ணநிலை, மின்சக்தி, விசிறியின் வேகம் ஆகியவற்றை விநாடிதோறும் காட்டும். அறையின் உஷ்ணநிலையைக் கேபினெட்டின் முன்புறத்தில் தெர்மாமீட்டர் வைத்துக் குறித்துக்கொள்க. விசிறியின் வேகத்தை 70 சதவிகிதத்தில் நிலைநிறுத்தி, கார்டைப் பத்து நிமிஷம் ஓய்வில் வைக்க. பிறகு முழு வேலை தரும் பரிசோதனைப் புரோகிராமைத் தொடங்கி, முதல் 10 விநாடிகள் வரை ஒவ்வொரு விநாடியும், பின்னர் ஒவ்வொரு நிமிஷமும் அளவைக் குறிக்க. பதினைந்து இருபது நிமிஷங்களில் அளவு ஓரிடத்தில் நிலைக்கும். எல்லையை நெருங்குவதாகத் தெரிந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். வேலையை நிறுத்தியதும் இறங்கும் விதமும் இதே உண்மையைத் தலைகீழாகக் காட்டும்.

மாணவர்களைக் கொண்டு இவ்வளவுகளை வரைபடமாக வரையச் செய்தால், செங்குத்தான தாவலும் அதனைத் தொடரும் வளைவும் தெளிவாகப் புலப்படும். குளிர்தலைப் பற்றிய நியூட்டன் விதிக்கு இது நல்ல உதாரணமாகும்.

மேலும் இரு குறிப்புகள். சில கார்டுகள் சராசரி உஷ்ணநிலையோடு, சில்லின் மிகச் சூடான புள்ளியின் உஷ்ணநிலையையும் காட்டுகின்றன. இவ்விரண்டுக்கும் 10 அல்லது 15 டிகிரி வித்தியாசம் இயல்பே. 25 அல்லது 30 டிகிரியைத் தாண்டினால் பசையையோ ஹீட் சிங்கின் பொருத்தத்தையோ சந்தேகிக்கவேண்டும். அன்றியும், கேபினெட்டின் பக்கமூடியைத் திறந்து வைத்து மறுமுறை சோதித்துப் பார்க்கலாம். மூடியைத் திறந்ததும் கணிசமாக உஷ்ணம் குறைந்தால் குற்றம் கார்டினுடையதன்று. கேபினெட்டின் காற்றோட்டமே போதாது.

செப்பனிடும் முறை

எளியதிலிருந்து தொடங்குதலே முறையாகும். முதலில் மின்சாரத்தைத் துண்டித்து, கார்டை வெளியே எடுத்து, மிருதுவான தூரிகையாலும் புளோயராலும் தூசியை அகற்ற வேண்டும். காற்று ஊதும்போது விசிறி இறகுகளை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் அவை அளவுமீறிச் சுழன்று பேரிங்கைக் கெடுக்கும். வாகனங்களுக்குக் காற்றடிக்கும் கம்பிரஸரில் நீரும் எண்ணெயும் கலந்து வருமாதலால் அதனைப் பயன்படுத்தலாகாது. விசிறியை விரலால் மெல்லச் சுழற்றிப் பார்த்து, ஆடினாலோ கரகரத்தாலோ மாற்றிவிடலாம். கேபினெட்டின் முன்புறமும் பின்புறமும் ஒரு சாண் இடைவெளி விட்டு வைப்பது நன்று.

இவ்வளவு செய்தும் தொடக்கத் தாவல் குறையாவிட்டால் மட்டுமே ஹீட் சிங்கைக் கழற்றவேண்டும். கழற்றுமுன் கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்ள வேண்டும். விசிறியின் கம்பிகள் மெல்லியவையாதலால் வெடுக்கென்று இழுக்கலாகாது. பழைய பசையை ஐசோபுரொப்பில் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்து, சில்லின் பரப்பு முழுவதையும் மூடும் அளவுக்குப் புதிய பசையை மெல்லியதாகப் பூசுக. திருகாணிகளை ஒரே பக்கமாக முறுக்காமல், எதிரெதிர் மூலைகளாகச் சிறிது சிறிதாக முறுக்க வேண்டும்.

தெர்மல் பட்டைகளை மாற்றுவோர் அவற்றின் கனத்தைத் தவறாமல் அறிந்துகொள்ளவேண்டும். ஒரே கார்டில் 0.5, 1, 1.5 மில்லிமீட்டர் என வெவ்வேறு கனமுள்ள பட்டைகள் இருக்கக்கூடும். முன்பிருந்ததைவிடத் தடித்த பட்டையை வைத்தால், ஹீட் சிங்க் தூக்கிக்கொண்டு நடுச்சில்லைத் தொடாமல் நின்றுவிடும். மெமரியைக் காக்கச் சென்று சில்லை இழக்க நேரிடும். 2020-இல் வெளிவந்த ஆர்.டி.எக்ஸ். 3080, 3090 கார்டுகளில் மெமரியின் உஷ்ணநிலையும் காட்டப்படுகிறது. அது 110 டிகிரியை எட்டியதும் கார்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அக்கார்டுகளில் நடுச்சில்லின் அளவு குறைவாக இருப்பதைக் கண்டு மட்டும் திருப்தியடைதல் கூடாது.

உஷ்ணம் பிறப்பதையே குறைத்தல்

வழியைச் சீர்செய்தபின் மற்றோர் உபாயமும் உண்டு. டிரான்ஸிஸ்டர்களின் இயக்கத்துக்குச் செலவாகும் மின்சக்தி, மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் துடிப்பு வேகத்துக்கும் நேர்விகிதத்தில் அமைகிறது. மின்னழுத்தத்தை மட்டும் 10 சதவிகிதம் குறைத்தால் இம்மின்சக்தி 19 சதவிகிதம் குறையும். மின்னழுத்தம், வேகம் இரண்டையும் 10 சதவிகிதம் குறைத்தால் ஏறத்தாழ 27 சதவிகிதம் குறையும். அதாவது பத்தில் ஒரு பங்கு வேகத்தை விட்டுக்கொடுத்து, நான்கில் ஒரு பங்குக்கு மேலான உஷ்ணத்தைத் தவிர்க்கிறோம்.

இதற்குக் கார்டைத் தொடவேண்டுவதில்லை. முற்கூறிய 'ஆஃப்டர்பர்னர்' புரோகிராமில் மின்சக்தியின் உச்ச அளவை 75 சதவிகிதமாக வைத்தால், கார்டு தானாகவே வேகத்தையும் மின்னழுத்தத்தையும் தாழ்த்திக்கொள்ளும். நமது உதாரணத்தில் 120 வாட் 90 வாட்டாகிறது. 40 டிகிரி அறையில் நல்ல கார்டு 82 டிகிரிக்குப் பதிலாக 71.5 டிகிரியில் நிற்கும். பசை உலர்ந்த கார்டுகூட 100-க்குப் பதிலாக 85-இல் நிற்கும். பழுதுபார்க்க வசதியில்லாத தொலைதூர அலுவலகங்களில் கோடை மூன்று மாதங்களைக் கடக்க இது ஒன்றே போதுமானதாக இருக்கலாம். ஆயினும் இது தற்காலிக நிவாரணமே. அடைபட்ட வழி அடைபட்டே இருக்கும் என்பதை மறத்தலாகாது.

செய்யத்தகாதவை

கார்டை அடுப்பில் வைத்துச் சூடேற்றினால் உயிர்பெறும் என்று சிலர் கூறுவதுண்டு. சிலிக்கன் ஒரு டிகிரி உஷ்ணத்துக்குப் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 2.6 பங்கு விரிகிறது. அதனைத் தாங்கும் பலகையோ சுமார் 15 பங்கு விரிகிறது. இவ்வித்தியாசத்தினால் இரண்டையும் இணைக்கும் நுண்ணிய பற்றாசு முனைகள் ஆண்டுக்கணக்கில் இழுபட்டு வெடிக்கக்கூடும். 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், தன் மடிக்கணினிச் சில்லுகள் சிலவற்றில் இத்தகைய பொருட்குறைபாடு காரணமாக ஏற்படும் செலவுக்கென 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. வெடித்த இணைப்பு சூடேற்றுவதால் சில நாட்கள் ஒட்டினாலும் நிலைக்காது. உணவு சமைக்கும் அடுப்பில் நச்சுப்புகை படிவதே மிச்சமாகும்.

ஏர்கூலரின் ஈரக்காற்றை நேரே கேபினெட்டினுள் செலுத்துவதும் தவறு. நீர்த்துளிகளும் அவற்றிலுள்ள உப்பும் பலகையை அரித்துவிடும். விசிறியின் ஓசைக்கு அஞ்சி அதன் வேகத்தைக் குறைத்து வைப்பதும் கோடையில் உகந்ததன்று.

வாங்குவோர் கவனத்துக்கு

பழைய கார்டை வாங்கச் செல்வோர் கடையில் ஐந்து நிமிஷம் படம் ஓடுவதைக் கண்டு முடிவு செய்தல் கூடாது. இருபது நிமிஷம் முழு வேலையில் இயக்கிக் காட்டும்படி கேட்டு, கடையின் அறை உஷ்ணநிலையையும் கார்டின் அளவையும் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டின் வித்தியாசத்தைத் தம் ஊரின் மே மாத அறை உஷ்ணநிலையோடு கூட்டிப் பார்த்தால், கார்டு கோடையில் எங்கே நிற்கும் என்பது அங்கேயே விளங்கிவிடும். 25 டிகிரி கடையில் 75 டிகிரி காட்டும் கார்டு, 42 டிகிரி அறையில் 92 டிகிரியை நெருங்கும்.

வாங்கிய நாளில் செய்த சோதனையின் அளவுகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்து, ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் அதே சோதனையை மீண்டும் நடத்துவது சிறந்தது. சில்லுக்கும் அறைக்கும் உள்ள வித்தியாசம் சென்ற ஆண்டைவிட உயர்ந்திருந்தால், வழி அடைபடத் தொடங்கிவிட்டது என்று அறியலாம். தூரிகை, சிறிது பசை, ஒரு மாலைப்பொழுது ஆகியவற்றின் செலவில் பள்ளியின் ஒரே யந்திரம் கோடை முழுவதும் உழைக்கும்.